மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் நடத்தினால் நஷ்டம் யார் கணக்கில்?

2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாத நடுப்பகுதி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லியாண்டர் என்றொரு ஊர். அங்கே எச்.இ.பி. என்ற பெரிய மளிகை நிறுவனத்தின் கடை ஒன்று. வெளியே கடும் பனி. பல வீடுகளில் கரன்ட் இல்லை. கிடைத்த சாமான்களை வாங்கி வைத்துக்கொள்ள மக்கள் கடையில் குவிந்து நிற்கிறார்கள். தள்ளுவண்டி நிறைய ரொட்டி, பால், குழந்தைகளுக்கான சாமான்கள். அந்த நேரம் பார்த்துக் கடையிலும் கரன்ட் போய்விட்டது. பில் போடும் இயந்திரங்கள் நின்றுபோயின. கடை ஊழியர்கள் சிறிது நேரம் பார்த்தார்கள். பிறகு வரிசையில் நின்றவர்களைப் பணம் வாங்காமலே சரக்கோடு வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

செய்தி உலகமெங்கும் பரவியது. அந்த நிறுவனத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது; கிடைக்க வேண்டியதுதான். ஆனால் வணிகர்களாகிய நமக்கு இதைப் படிக்கும்போது இன்னொரு கணக்கும் மனதில் ஓடும். நானூறுக்கும் மேற்பட்ட கடைகள் வைத்திருப்பவர் ஒரு நாள் சரக்கைக் கொடுத்துவிட்டு எழுந்து நிற்க முடியும். ஒரே கடை, ஒரே பிரீசர், வாரக் கடனில் சரக்கு எடுத்தவர் என்ன செய்வார்? கரன்ட் போனது அவர் குற்றமில்லை. நஷ்டம் மட்டும் அவருடையது.

அமெரிக்க மாநிலங்கள் சில ஆண்டுகளாக இயற்றி வரும் செயற்கை நுண்ணறிவுச் சட்டங்களைப் பற்றி எழுதப் போய், மளிகைக் கடையில் ஏன் தொடங்கினேன் என்று அன்பர்கள் கேட்கலாம். அந்தச் சட்டங்களில் நம் போன்றவர்களைத் தொடும் கேள்வி இந்தக் கடை வாசலில்தான் நிற்கிறது என்பதே காரணம்.

ஒரு விண்ணப்பத் தாள் இல்லாததால்

டெக்சாஸில் அன்று நடந்தது என்ன? குளிரில் மின் நிலையங்கள் பல நின்றுபோயின. எரிவாயுக் குழாய்களும் கிணறுகளும் உறைந்தன. வீடுகளில் குளிர் காய மின்சாரத் தேவை எகிறியது. மாநில மின் தொகுப்பை நடத்தும் எர்காட் என்ற அமைப்பு, பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தியது. நிறுத்தாவிட்டால் மொத்தத் தொகுப்பும் விழுந்திருக்கும். அப்படி விழுவதற்கு 4 நிமிடம் 37 வினாடி தூரத்தில் இருந்தோம் என்று அந்த அமைப்பே பின்னர் கூறியது. 45 லட்சம் வீடுகளுக்கு மேல் இருளில் இருந்தன. இறந்தவர்கள் 246 பேர் என்று மாநில சுகாதாரத் துறை கணக்குக் கொடுத்தது.

இதில் நம் வியாபாரப் புத்திக்கு உறைக்கும் விஷயம் ஒன்று உண்டு. மின்சாரத்தை நிறுத்தும்போது மருத்துவமனை போன்ற இடங்களுக்கு நிறுத்தமாட்டார்கள்; அதற்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. எரிவாயுவை அழுத்தி அனுப்பும் நிலையங்கள் பல அந்தப் பட்டியலில் சேரவில்லை. சேருவதற்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும், கொடுக்கவில்லை. ஆகவே அந்த நிலையங்களுக்கும் கரன்ட் போயிற்று. கரன்ட் போனதால் எரிவாயு நின்றது. எரிவாயு நின்றதால் இன்னும் சில மின் நிலையங்கள் நின்றன. தன் கையாலேயே தன் கழுத்தைப் பிடித்த கதை.

ஆபத்து மேலாண்மை என்று சட்டத்தில் பெரிய வார்த்தையாக எழுதுகிறார்களே, அதன் பொருள் இவ்வளவுதான். எது நின்றால் எது நிற்கும், நின்றால் யார் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதை நின்றுபோவதற்கு முன்னால் எழுதி வைப்பது. டெக்சாஸ் சட்டசபை 2021லேயே ஒரு சட்டம் இயற்றி, மின் நிலையங்களும் முக்கிய எரிவாயு நிலையங்களும் குளிருக்குத் தயாராக இருக்க வேண்டும் என்றும், மின்சாரத்துக்கான சரக்குச் சங்கிலி முழுவதையும் வரைபடமாக்க வேண்டும் என்றும் விதித்தது. பட்டபின் வந்த புத்திதான், ஆனாலும் வந்தது.

கம்ப்யூட்டர் எங்கே வந்தது?

2021இல் டெக்சாஸில் கரன்டை நிறுத்தியது செயற்கை நுண்ணறிவு அல்ல, மனிதர்கள். ஆனால் மின்சாரம், குடிநீர், எரிவாயு ஆகியவற்றை நடத்துகிறவர்கள் இன்று கம்ப்யூட்டரிடம் கேட்கும் கேள்விகள் பெருகிக்கொண்டே போகின்றன. நாளை மாலை எவ்வளவு மின்சாரம் தேவைப்படும்? எந்த மோட்டார் பழுதாகப் போகிறது? குளோரின் எவ்வளவு கலக்க வேண்டும்? இதுவரை கம்ப்யூட்டர் யோசனை சொன்னது. பொறியாளர் சரி பார்த்துக் கைப்பிடியைத் திருப்பினார். இனிமேல் கைப்பிடியையும் அதனிடமே கொடுத்துவிட்டால்? அது தவறு செய்யும்போது பக்கத்தில் திருப்பத் தெரிந்த ஆள் இருப்பாரா?

இந்தக் கேள்வியைச் சட்டமாக எழுதிய மாநிலங்களில் ஒன்று மொன்டானா. நம் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்பு. மக்கள் தொகையோ 2020 கணக்கெடுப்பின்படி 11 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. கோதுமையும் மாடும் மலையும் உள்ள பூமி. அங்கே மாநில செனட்டர் டேனியல் சோல்னிகோவ் கொண்டுவந்த மசோதாவில், 2025 ஏப்ரலில் கவர்னர் கிரெக் ஜியான்ஃபோர்ட்டே கையெழுத்திட்டார். சட்டத்தின் பெயரே வேடிக்கையானது: 'கணிக்கும் உரிமைச் சட்டம்' என்று சொல்லலாம். கம்ப்யூட்டரைச் சொந்தமாக வைத்துக்கொள்ளவும் பயன்படுத்தவும் மனிதனுக்குள்ள உரிமை என்று பொருள்.

சட்டத்துக்கு இரண்டு கைகள். ஒரு கை அரசாங்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒருவர் தன் கம்ப்யூட்டரைச் சட்டப்படியான காரியத்துக்குப் பயன்படுத்துவதை அரசு கட்டுப்படுத்த வேண்டுமானால், தவிர்க்க முடியாத பொதுநலக் காரணம் ஒன்றை நிரூபிக்க வேண்டும். அந்தக் காரணத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டுமே கட்டுப்படுத்தலாம். இன்ஸ்பெக்டர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றும். காரணம் காட்டிவிட்டுத்தான் கடைக்குள் வர வேண்டும் என்று நம்மிடத்திலும் ஒரு சட்டம் இருந்தால் வேண்டாம் என்போமா?

இன்னொரு கை கம்ப்யூட்டரை வைத்திருப்பவரைப் பிடிக்கிறது. மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசியக் கட்டமைப்பை முழுவதுமாகவோ ஓரளவோ செயற்கை நுண்ணறிவு நடத்துமானால், அதை அமர்த்தியவர் ஓர் ஆபத்து மேலாண்மைத் திட்டம் எழுதி வைக்க வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் தர நிர்ணய நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியையோ, சர்வதேசத் தரம் ஒன்றையோ கருத்தில் கொண்டு அதை எழுத வேண்டும்.

அந்த வழிகாட்டி நான்கு வேலைகளைச் சொல்கிறது. பொறுப்பு யாருடையது என்று நிர்ணயிப்பது, ஆபத்து எங்கெங்கே என்று குறிப்பது, அதை அளப்பது, அளந்த பின் சமாளிப்பது. பழைய மளிகைக் கடையில் முதலாளி, குமாஸ்தா, இருப்புப் புத்தகம், கல்லா என்று பிரித்து வைத்திருந்தோமே, ஏறத்தாழ அதே ஏற்பாடுதான். ஆனால் இந்த வழிகாட்டி விருப்பமிருந்தால் பின்பற்றலாம் என்ற வகையைச் சேர்ந்தது.

விடுபட்ட வரிகள்

இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். மொன்டானா மசோதா முதலில் வைக்கப்பட்டபோது இரண்டாவது கை இன்னும் இறுக்கமாக இருந்தது. கம்ப்யூட்டரின் பிடியை நிறுத்தி, நியாயமான நேரத்துக்குள் மனிதர் கைக்கு நிர்வாகத்தை மாற்றும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்று அந்த வரைவு கூறியது. மாற்று வழி ஒன்று வைத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் அந்தத் திட்டத்தைப் பரிசீலித்துச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும் என்றும் கூறியது. சட்டமாகி வெளியே வந்தபோது இவை மெலிந்துவிட்டன. 'திட்டம் ஒன்று தயாரிக்க வேண்டும்' என்பதே நின்றது. அதுவும் எப்போது? செயற்கை நுண்ணறிவை அமர்த்திய பிறகு. மத்திய அரசின் விதிப்படி ஏற்கனவே ஒரு திட்டம் வைத்திருந்தால் அதுவே போதும் என்றும் ஒரு வரி உண்டு. எழுதிய தாளை இன்ன அலுவலகத்தில் கொடுத்துச் சரி பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு இல்லை.

நம் கடைத் தராசை எண்ணிப் பாருங்கள். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை வைக்காமல் ஒரு கிலோ துவரம் பருப்பு நிறுத்துவிட முடியுமா? கிராமில் தவறு வந்தால் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் நஷ்டம். அதற்கு முத்திரை, தேதி, கட்டணம், அபராதம் அத்தனையும் உண்டு. ஒரு நகரத்தின் மின்சாரத்தை நிறுத்தக்கூடிய இயந்திரத்துக்கு, வைத்திருப்பவரே எழுதி அவரே வைத்துக்கொள்ளும் ஒரு தாள் போதும் என்பது என் போன்ற சிறு வியாபாரிக்குப் புரியவில்லை. முதல் கையைப் பாராட்டிய அதே வாயால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்ற வரியை எடுத்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அதற்குச் சொந்த அனுபவமே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் நம் கடைக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கினேன். பூஜை போட்டு, பின்பக்கம் தகரக் கொட்டகையில் நிறுத்தி, 'இனிக் கவலையில்லை' என்று நிம்மதியாக இருந்தேன். புயல் நாள் ஒன்றில் கரன்ட் போயிற்று. பையன் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான். பேட்டரி இறங்கிக் கிடந்தது. எங்கிருந்தோ வேறு பேட்டரி கொண்டுவந்து மாட்டினால் டாங்கில் டீசல் இல்லை. வாங்கிய நாளுக்குப் பிறகு ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. வெண்ணெயும் பனீரும் ஐஸ்கிரீமும் பிரீசரிலேயே கரைந்து ஓடின. குற்றம் முழுக்க என்னுடையது. என்னிடம் திட்டம் இருந்தது, சோதனை இல்லை. இப்போது மாதப் பிறப்பன்று பத்து நிமிடம் ஓட்டுகிறோம்.

மொத்த வியாபாரியின் கம்ப்யூட்டர் நின்றபோது

அமெரிக்க மத்திய அரசு அத்தியாவசியக் கட்டமைப்பு என்று 16 துறைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. மின்சாரம், தண்ணீர், வங்கி, போக்குவரத்து இவற்றோடு உணவும் விவசாயமும் ஒரு துறை. நாம் செய்வதும் அதன் கடைசிக் கண்ணிதான்.

அந்தக் கண்ணி அறுவது எப்படி இருக்கும் என்பதை 2025 ஜூன் மாதத்தில் அங்கே பார்த்தார்கள். யுனைடெட் நேச்சுரல் ஃபுட்ஸ் என்பது அந்நாட்டின் மிகப் பெரிய மளிகை மொத்த விநியோக நிறுவனங்களில் ஒன்று. ஹோல் ஃபுட்ஸ் என்ற கடைத் தொடருக்கு முக்கிய சப்ளையர். ஜூன் 5ஆம் தேதி தன் கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ திருட்டுத்தனமாக நுழைந்திருப்பதைக் கண்டுபிடித்தது. பாதுகாப்புக்காகச் சில கம்ப்யூட்டர்களைத் தானே நிறுத்தியது. ஆர்டர் எடுப்பதும் லோடு அனுப்புவதும் தடைப்பட்டன. சில நாட்களில் சில்லறைக் கடைகளின் அடுக்குகள் காலியாகத் தொடங்கின. அந்த ஆண்டு விற்பனையில் 35 கோடி முதல் 40 கோடி டாலர் வரை பாதிப்பு என்று நிறுவனமே மதிப்பிட்டது.

கிடங்கில் சரக்கு இருந்தது. லாரியும் டிரைவரும் இருந்தார்கள். எந்த மூட்டை எந்தக் கடைக்கு என்று சொல்லும் மூளை மட்டும் நின்றுவிட்டது. அதன் கடைக் கோடியில் இருந்த சிறு கூட்டுறவுக் கடைகளுக்கு அவசரத்துக்கு வேறு சப்ளையரைத் தேடும் வசதி பெரிய தொடர்களைப் போல எப்படி இருக்கும்?

இதுவும் செயற்கை நுண்ணறிவு செய்த காரியமல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்துவது நம் பத்திரிகையின் வழக்கமல்ல. ஆனால் ஆர்டர், கணிப்பு, விலை, லாரி வழி எல்லாவற்றையும் ஒரே மூளையிடம் ஒப்படைத்துவிட்டால் அது படுக்கும் நாளில் கடை அடுக்கு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

செய்தவரைப் பிடிப்பதா, வைத்திருப்பவரைப் பிடிப்பதா?

கலிபோர்னியா வேறு வழியில் போயிருக்கிறது. 2024 செப்டம்பரில் கவர்னர் கேவின் நியூசம், பெரிய செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அதே மாதத்தில், செயற்கை நுண்ணறிவால் மாநிலத்தின் அத்தியாவசியக் கட்டமைப்புக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று ஆராயும் பொறுப்பை அவசரகாலப் பணிகள் அலுவலகத்திடம் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2025 செப்டம்பரில், முன்பு திருப்பி அனுப்பியதைவிட இலேசான வேறொரு சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். அது மிகப் பெரிய செயற்கை நுண்ணறிவைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு மட்டும் பொருந்தும். ஐம்பது பேருக்கு மேல் மரணமோ படுகாயமோ, அல்லது நூறு கோடி டாலருக்கு மேல் சேதம் என்ற அளவிலான பேராபத்துகளை எப்படித் தடுப்போம் என்று அவர்கள் எழுதி, பகிரங்கமாக வெளியிட வேண்டும். மோசமான சம்பவம் நடந்தால் 15 நாட்களுக்குள் அவசரகாலப் பணிகள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள். தவறினால் பத்து லட்சம் டாலர் வரை அபராதம்.

அதாவது கலிபோர்னியா அரிசி ஆலைக்காரரைப் பிடிக்கிறது. மொன்டானா அரிசியை வாங்கிச் சமைத்துப் பந்தி வைப்பவரைப் பிடிக்கிறது. இரண்டிலும் நியாயம் உண்டு. நம் கலப்படச் சட்ட வழக்குகளில், சீல் பிரிக்காத பாக்கெட்டை விற்ற சில்லறைக் கடைக்காரரைக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தயாரிப்பாளரைத் தேடும் வேதனை நமக்குத் தெரியும். ஆகவே தயாரிப்பாளரைக் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நம் ஊர்க் கரன்டை எப்போது மனிதர் கையில் திருப்பி எடுப்பது என்பதை எங்கோ இருக்கும் தயாரிப்பாளர் முடிவு செய்ய முடியாது. அதை வைத்திருப்பவர்தான் செய்ய வேண்டும். கொலராடோ மாநிலம் வேலை, கடன், வீடு போன்றவற்றில் கம்ப்யூட்டர் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 2024இல் ஒரு சட்டம் போட்டு, அமலுக்கு வரும் முன்பே 2025இல் தேதியைத் தள்ளி வைத்தது. அது வேறு விஷயம். இங்கே அதற்குள் போக வேண்டாம்.

மாநிலங்கள் இப்படி ஆளுக்கொரு சட்டம் போடலாமா என்ற சண்டையும் அங்கே நடந்தது. பத்தாண்டுகளுக்கு மாநிலங்களின் கையைக் கட்டிவைக்கும் ஏற்பாடு ஒன்று மத்திய மசோதாவில் இருந்தது. 2025 ஜூலை 1ஆம் தேதி செனட் சபை 99க்கு 1 என்ற வாக்கில் அதை நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி டிரம்ப், மாநிலச் சட்டங்களை நீதிமன்றத்தில் எதிர்க்க ஒரு குழு அமைக்கும்படி ஆணையிட்டார். எல்லைக்கொரு விற்பனை வரி இருந்த காலத்தில் நாம் பட்ட பாட்டை நினைப்பவர்களுக்கு, ஒரே நாட்டுக்கு ஒரே சட்டம் என்பதன் சௌகரியம் புரியும். ஆனால் ஒரே சட்டம் வருவதற்கு முன்பே இருப்பதையும் எடுத்துவிட்டால் இடைக்காலத்தில் கேட்பார் யார்?

கடைக்காரர் கேட்க வேண்டியது

நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் நாடெங்கும் தடைப்பட்டதை நம்மில் பலர் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்தோம். தெரிந்த வாடிக்கையாளருக்குப் பற்று எழுதினோம். தெரியாதவர் சரக்கை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் கம்ப்யூட்டர் அமைப்புகளை மத்திய அரசு 2022லேயே அத்தியாவசியத் தகவல் கட்டமைப்பாக அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பு, கெட்ட எண்ணத்தோடு உள்ளே நுழைபவனைத் தண்டிக்க உதவும். சனிக்கிழமை நின்றுபோன வியாபாரத்துக்கு அதில் பதில் இல்லை.

மொன்டானா சட்டத்திலும் நான் தேடிப் பார்த்துக் காணாதது இதுவே. திட்டம் எழுதுபவர் மின்சாரம் தருபவர். படிப்பவரும் அவரே. அந்த மின்சாரத்தை நம்பிப் பிரீசரில் இறைச்சி வைத்திருக்கும் கடைக்காரர் அந்தத் தாளைப் பார்க்க வழியில்லை. அவர் அறிய விரும்புவது மூன்று விஷயங்கள்தான். கம்ப்யூட்டர் தவறினால் எத்தனை மணி நேரத்தில் மனிதர் கைக்கு வரும்? நிறுத்துவதானால் எந்தப் பகுதி முதலில் நிறுத்தப்படும்? முன்கூட்டி யார் சொல்வார்கள்? 'நான்கு மணி நேரம்' என்று தெரிந்தால் ஐஸ் வாங்கி அடுக்கலாம். 'இரண்டு நாள்' என்று தெரிந்தால் பாதி விலைக்கு விற்றுத் தீர்க்கலாம். ஒன்றும் தெரியாவிட்டால் பிரீசர் கதவைத் திறக்காமல் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

இந்த மூன்று பதில்களையும் கடைக்காரரின் கையில் கொடுக்க ஒரு மாநிலத்துக்குப் பெரிய செலவில்லை. இன்ஸ்பெக்டர் படையும் வேண்டாம். எழுதிய திட்டத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் ஊரறிய வெளியிட வைத்தால் போதும். ஆண்டுச் சோதனை என்று மொன்டானாவின் முதல் வரைவில் இருந்த வரியையும் திருப்பி எழுதலாம். ஆனால் அந்த மாநிலச் சட்டசபை ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டுமே வழக்கமான கூட்டம் கூடும், அதுவும் 90 நாட்கள்தான். 2025 கூட்டம் முடிந்த கையோடு அடுத்த வாய்ப்பு 2027க்குப் போய்விட்டது. இடையில் இரண்டு குளிர்காலங்கள்.